மொட்டைமாடிக் கதவு

சட்னிக்குத் தேங்காய் அரைக்கும் நேரத்தில் நானும் சிவபாலனும் நடக்கப் போய்விடுவோம், சார். பதினோரு வருடமாக அதுதான் பழக்கம். உப்பளங்களைத் தாண்டி, கடற்கரை வரை போய்த் திரும்பினால் முக்கால் மணி நேரம். அவனுக்கு மிக்ஸி சத்தம் ஆகாது. கேட்டால் கையைக் கடிப்பான், சுவரில் முட்டுவான், எந்தப் பக்கமாவது ஓடப் பார்ப்பான். முப்பத்து மூன்று வயது, தொண்ணூறு கிலோ. ஆட்டிசம் என்று ஃபைலில் எழுதியிருக்கும். பேச்சு கிடையாது.

எங்கள் இல்லத்தில் அவனைப் போலப் பதினான்கு பேர், எல்லாரும் வளர்ந்த ஆண்கள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மருந்து கொடுப்பது என் வேலை. எனக்கு முன்னால் சிவபாலனைப் பார்த்துக்கொண்ட மூன்று பேரும் வேலையை விட்டு ஓடிப்போனார்கள். என்னிடம் அடங்கினான். எப்படி அடங்கினான் என்று நிர்வாகி ஆதிலக்ஷ்மி மேடம் கேட்டதில்லை. அவனுடைய அப்பா மந்திரமூர்த்தி அண்ணாச்சி டவுனில் ஹார்டுவேர்க் கடை வைத்திருக்கிறார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன், பாண்டியராஜன்" என்பார்.

சொன்ன பேச்சு கேட்காத நாளில் அவனை நடக்கக் கூட்டிப் போக மாட்டேன். சமையலறைக்குப் பக்கத்து அறையில் உட்கார வைத்துவிடுவேன். அதற்கும் சரிப்படாவிட்டால் ஈரத் துண்டை முறுக்கித் தொடையில் நாலு போடுவேன். வெளியே தெரியாத இடம். எல்லா வீட்டிலும் பிள்ளைகளுக்கு நடப்பதுதான்.

போன ஆனி மாதம் ஸ்டெபி வேலைக்கு வந்தாள். மணப்பாட்டுப் பெண், இருபத்தைந்து வயது, இதற்கென்றே படித்தவள். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். தண்ணீர், சோறு, கடல், வலி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் ஒட்டிச் சின்னச் சின்ன அட்டைகள் செய்தாள். எங்கள் எல்லாரையும் போட்டோ எடுத்து அதையும் அட்டையாக்கினாள். தினமும் பத்து மணிக்கு அவனை மொட்டைமாடிக்குக் கூட்டிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். ஹார்பருக்குள் நுழையக் காத்து நிற்கும் கப்பல்கள் அங்கிருந்து தெரியும். காதை மூடுகிற பெரிய ஹெட்போன் ஒன்றும் வாங்கிக் கொடுத்தாள். அதை மாட்டிக்கொண்டு அவன் சமையலறை வாசலிலேயே நிற்க ஆரம்பித்தான்.

மூன்றாவது மாதம், தண்ணீர் அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தான். அவள் அழுதுகொண்டே படியிறங்கி வந்தாள். சமையல்கார சீனித்தாய் எல்லாருக்கும் கேசரி கிண்டினாள். நானும் சாப்பிட்டேன். அவனுக்கு எப்போது தாகம் என்று அதுவரை நான் சொல்லித்தான் இல்லத்துக்குத் தெரியும்.

அடுத்த மாதம் ஒரு நாள், வலி அட்டையை எடுத்து வைத்தான். பிறகு போட்டோக்களைத் தேடி என்னுடையதை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான். தற்செயல் என்றார் மேடம். ஸ்டெபி அட்டைகளைக் கலைத்துக் கலைத்து மூன்று நாள் வைத்துப் பார்த்தாள். மூன்று நாளும் அதையே செய்தான். பிறகு அவன் கால்சட்டையை உயர்த்திப் பார்த்தார்கள்.

"இது என்னதுண்ணே?" என்று கேட்டாள். குரலைக் கூட உயர்த்தவில்லை.

அண்ணாச்சியை வரவழைத்தார்கள். எல்லாருக்கும் முன்னால், என் முகத்தைப் பார்க்காமல், "மிருகத்துக்கிட்ட புள்ளய விட்டுருக்கேன்" என்றார். வேலைக்கு ஆள் கிடைக்காததால் என்னை அனுப்பவில்லை. கக்கூஸ் கழுவச் சொன்னார்கள். சிவபாலன் பக்கத்தில் போகக் கூடாது என்றார்கள். வராந்தாவில் என்னைக் கண்டால் அவன் ஸ்டெபியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்குவான். தொண்ணூறு கிலோ ஆள், அந்தச் சின்னப் பெண்ணுக்குப் பின்னால். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இரண்டு பேருக்கும் புத்தி வர வேண்டும் என்று நினைத்தேன்.

அன்று வியாழக்கிழமை. மேடம் கலெக்டர் ஆபீஸுக்குப் போயிருந்தார். சீனித்தாய் மீன் வாங்கப் போயிருந்தாள். ஹெட்போனை முதலிலேயே எடுத்து ஒளித்துவிட்டேன். மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு சின்ன அறை உண்டு, அதில் பிளக் இருக்கிறது. மிக்ஸியை அங்கே கொண்டுபோனேன். அவர்கள் மாடிக்குப் போனதும் அதன் இரும்புக் கதவை உள்பக்கமாகத் தாழ் போட்டுவிட்டு, வெறும் ஜாரை ஓட விட்டேன்.

கடிப்பான், பிறாண்டுவான், அவள் பயந்து ஊருக்குப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

அவள் கதவைத் தட்டினாள். யார் உள்ளே, மிக்ஸியை நிறுத்துங்கள் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணே, நீங்கதான்னு தெரியும். எம்மேல உள்ள கோவத்த அவங்கிட்ட காட்டாதிய. கதவத் தொறங்கண்ணே" என்றாள்.

பிறகு அவன் இடிக்க ஆரம்பித்தான். கையால் இடிக்கிறானா நெற்றியாலா என்று சத்தத்திலேயே எனக்குத் தெரியும். அது நெற்றி. நான் நிறுத்தவில்லை.

கதவு இடுக்கில் பார்த்தேன். அங்கே சுற்றுச்சுவர் முழங்காலுக்குச் சற்று மேல்தான், சார். அது எனக்கு நன்றாகத் தெரியும். அவன் அந்தப் பக்கமாக ஓடினான். அவள் முந்திப் போய்ச் சுவரோரமாக நின்று, இரண்டு கையையும் விரித்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் அவள்மேல் மோதித்தான் நின்றான். அவள் சுவரைத் தாண்டிக் கீழே போய்விட்டாள். அதற்கப்புறம் மிக்ஸியை நிறுத்தினேன்.

சாயங்காலம் வரை அவளுக்கு உயிர் இருந்தது. பேச்சு வரவில்லை. அவன்தான் தள்ளிவிட்டான் என்று சொன்னேன், எல்லாரும் நம்பினார்கள். அண்ணாச்சியும் நம்பினார். ஆஸ்பத்திரிக்கு எல்லாரும் ஓடிய நேரத்தில் அட்டைகளை அடுப்பில் போட்டுவிட்டேன். இனி அவனால் யாரிடமும் எதுவும் சொல்ல முடியாது. மறுநாள் கை கால்களைக் கட்டி அவனை மனநல வார்டுக்குக் கொண்டுபோனார்கள். நானும் ஒரு கை பிடித்து வேனில் ஏற்றினேன்.

மோட்டார் கருகிய நாற்றத்தை வைத்து சீனித்தாய்தான் கண்டுபிடித்தாள். "வெறும் ஜார எதுக்குடே ஓட்டுன?" என்று கேட்டாள். அவள் நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

ஸ்டெபியைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன், சார். அந்த வார்டில் சிவபாலனை இன்னும் கட்டிலோடு கட்டித்தான் வைத்திருக்கிறார்களாம், நாலு பேராலும் பிடிக்க முடியவில்லையாம். அதெல்லாம் தேவையே இல்லை. என்னை ஒரு நாள் அங்கே கூட்டிப் போங்கள். நான் வாசலில் வந்து நின்றாலே போதும், அப்படியே அடங்கிவிடுவான். என்மேல் அவனுக்கு அவ்வளவு பிரியம்.