ரோட்டு மேல வீடு

— இன்னா ஜெயராமா, இருவது வருசமா வீட்டு புரோக்கரா இருக்குற. வீடு காட்ட இன்னிக்குத்தானா நாள் பாத்த?

— அமாவாசை நல்ல நாளாச்சே, சுந்தராம்பாக்கா.

— நல்ல நாளு! அமாவாசைன்னா மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போற பஸ்ஸு அத்தினியும் நம்ம வாசல்ல ஆரன் அடிச்சிக்கினு போவுது. ஏற்கெனவே மூணு பேரு இந்த சத்தத்துக்கே ஓடிட்டாங்க. இது வித்தாதான்யா வல்லத்துல எம் பொண்ணு பக்கத்துல போய் நான் இருக்க முடியும்.

— அய்ய, எனக்குத் தோணவே இல்லக்கா. டென்சன் ஆவாத. ஜன்னல சாத்து, டிவிய சத்தமா வை. கேட்டா ரெண்டு லட்சம் கொறச்சிக்கலாம்.

— ரெண்டு லட்சமா? உங்க ஊட்டுத் துட்டா?

— தோ, வந்துட்டாங்க. வாங்க கவிதா மேடம். இவங்கதான் வீட்டுக்காரங்க.

— வணக்கம்மா. அந்த டிவிய கொஞ்சம் நிறுத்துறீங்களா? ரோட்டு சத்தம் எப்படின்னு கேக்கணும்.

— சரி, மறைச்சி இன்னா ஆவப்போவுது. கேட்டுக்கம்மா. காலைல நாலு மணிக்கு ஆரம்பிச்சா ராத்திரி பதினொண்ணு வரைக்கும் இப்படித்தான். பழகிடும்னு பொய் சொல்ல மாட்டேன்.

— கெடுத்தியேக்கா! மேடம், வெலைய வேணா கொறச்சி…

— இருங்க சார். இப்ப நாங்க இருக்கறது ஊருக்கு வெளிய, புது நகர்ல. ஏழே வீடு. அமைதியா இருக்குதுன்னுதான் வாங்கினோம். தை மாசம் ஒரு நாள், பட்டப்பகல்ல, எங்க வீட்டுக்காரரு நெஞ்சப் புடிச்சிக்கிட்டு விழுந்துட்டாரு. தெருவுல நின்னு கத்தினேம்மா. நாய்தான் வந்துச்சு.

— அடக் கடவுளே! ஆம்புலன்ஸுக்கு போன் போடலியா?

— போட்டேன். வந்தவங்க வழி கேக்கக்கூட அங்க ஆளு இல்ல.

— இங்க அப்படி இல்லம்மா. எங்க ஊட்டுக்காரரு இப்படித்தான் வாசல்லயே சாஞ்சாரு. பஸ்ஸுக்கு நின்ன ஜனம் ஓடியாந்து, வந்த பஸ்ஸ நிறுத்தி, அதுலயே ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கினு போனாங்க. அப்புறம் ஆறு வருசம் நல்லா இருந்தாரு மனுசன். இந்த ரோட்ட நாளெல்லாம் திட்டிக்கினு, அத மறந்தே போயிட்டேன் பாரு.

— இந்த மாதிரி எடந்தாம்மா வேணும் எனக்கு.

— அழாதம்மா. சின்ன வயசுல புருசன தொலச்சிட்டு, பாவம்…

— அய்யய்யோ, தொலைக்கலம்மா! பொழச்சிட்டாரு. பயத்துல ஆறு மாசமா வாயத் தெறக்காத மனுசன், எதிர்க்க டீக்கடைல நின்னு யார்கூடவோ சிரிச்சிப் பேசிட்டு இருக்காரு பாருங்க. ஒத்த ரூபா கொறைக்காதீங்க, நாங்களே வாங்கிக்கிறோம்.