படுத்தபடி ஒரு நடை

— ரைட்டு, கிளம்பிட்டேன் மேடம். உன் போன் என் சட்டைப் பையில, என் போன் உன் காதுல. குரல் வருதா?

— வருது டிரைவர் சார். என் போன்ல இருக்கற அந்த நடை ஆப்பு இன்னைக்கு இன்னும் திட்டலையா?

— கதவைச் சாத்தறதுக்குள்ள திட்டிடுச்சு. ‘நீங்கள் நெடுநேரமாக அமர்ந்திருக்கிறீர்கள். எழுந்து நடங்கள்.’ திட்டறதுலயும் என்ன ஒரு மரியாதை பாரு. டாக்டரம்மா கட்டிலை விட்டு எறங்கவே கூடாதுங்கறாங்க, இது எந்திரிங்குது. யார் பேச்சைக் கேக்கறது?

— ரெண்டு பேர் பேச்சையும்தான். படுக்கறது நான், நடக்கறது நீங்க.

— அந்த ஆப்பைத் தூக்கிடுன்னு நான் அன்னைக்கே சொன்னேன். ஆபீஸ்ல நாள் பூரா ஸ்க்ரீன் முன்னாடி உக்காந்து, ஊர்ல இருக்கறவங்க கேக்கற கேள்விக்கெல்லாம் சாட்ல பதில் அடிச்சே. முதுகு போச்சு, கண்ணு போச்சு, ஆப்பைப் போட்டே. நியாயம். இப்ப லீவுல படுத்திருக்கறவளுக்கு அது எதுக்கு?

— தூக்கினா செடி போயிடும்.

— அது ஆப்புக்குள்ள இருக்கற பொம்மைச் செடிம்மா.

— தெரியும். நடந்தா இலை விடும், உக்காந்த இடத்துல போனையே பாத்துட்டிருந்தா வாடும். சின்னப் பசங்க விளையாட்டுதான். ஆனா அது முளை விட்ட வாரம்தான் வயித்துல குட்டி வந்திருக்குன்னு தெரிஞ்சுது. எனக்கு அது வாட வேண்டாம். பைத்தியம்னு சொல்லிக்கோங்க.

— சொல்ல மாட்டேன். பைத்தியத்துக்காகத் தினமும் நடக்கறவனுக்கு என்ன பேருன்னு அப்புறம் நீ கேப்பே. சரி, தலகாணி சரியா இருக்கா? இடது பக்கமா ஒருக்களிச்சுத்தான படுத்திருக்கே?

— அப்படியேதான். நீங்க தெருவைச் சொல்லுங்க. கண்ணை மூடிட்டேன்.

— ரைட்டு. மழை இப்பதான் விட்டிருக்கு. தெருமுனை தையல்கடைக்காரர் ஒரு பெரிய மஞ்சத் துணியைக் கொடி கட்டிக் காயப் போட்டிருக்காரு. இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரம் வரைக்கும், தெருவுக்குக் குறுக்கால. போறவங்க வர்றவங்க எல்லாம் குனிஞ்சு போறாங்க.

— யாரும் சண்டைக்கு வரலையா?

— அதான் எனக்கும் ஆச்சரியம். குனியறப்ப எல்லார் மொகத்துலயும் மஞ்சளா வெளிச்சம் விழுது. நிமிர்றப்ப சிரிக்கறாங்க. ஒருத்தர் திரும்பி வந்து மறுபடியும் குனிஞ்சுட்டுப் போனாரு.

— நல்ல தெரு. இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து கட்டில்லயே கிடக்கேன், வாசலைக்கூடச் சரியாப் பாக்கல. அந்தத் துணிக்குக் கீழ கொஞ்சம் நில்லுங்க.

— நின்னுட்டேன்.

— பேசாம நில்லுங்க.

— ...

— ம். சரி, அப்புறம்?

— அப்புறம் என்ன. தூக்கமா வருதா? குரல் இழுக்குது.

— மதியச் சாப்பாட்டு மயக்கம். நடங்க நடங்க, செடி காத்திட்டிருக்கு. அது என்ன, மணி அடிக்குது?

— மணியா? அது... ஒரு சைக்கிள்காரர். வழியில நின்னுட்டேன், ஒதுங்கச் சொல்றாரு. கெட்டிக்காரர், ரொம்ப மெதுவாத்தான் போறாரு.

— அடி ஏதும் படலையே?

— முட்டியில லேசா. ஒண்ணுமில்ல. இப்ப முடிவெட்டற கடை. நாற்காலியைத் தூக்கி வெளியில போட்டுட்டாரு. அதுல ஒரு பூனை உக்காந்து கண்ணாடி பாத்துட்டிருக்கு. கடைக்காரர் கையைக் கட்டிட்டுப் பக்கத்துல நிக்கறாரு, அது எப்ப முடிவு பண்ணும்னு.

— எதை?

— மீசையை வைக்கறதா எடுக்கறதான்னு.

— புளுகு மூட்டை. என்னைச் சிரிக்க வைக்காதீங்க, வயிறு இழுக்குது.

— இழுக்குதா? எங்க? மேலயா, கீழயா? நான் வேணா திரும்பி—

— சிரிச்சா எல்லாருக்கும் இழுக்கும். நீங்க ஏற்கனவே ரெண்டு தடவை ஆட்டோவைப் பிடிச்சு என்னை அள்ளிப் போட்டுட்டு ஓடினது போதும். அந்த நர்ஸம்மா கையை வச்சுப் பாத்துட்டு, ‘இது சும்மா வலிம்மா, பிரசவ வலி இல்ல, வீட்டுக்குப் போயிட்டு வாங்க’ன்னு சிரிச்சப்ப எனக்கு மொகத்தை எங்க வச்சுக்கறதுன்னு தெரியல.

— சிரிச்சா சிரிக்கட்டும். நான் இருபது தடவைகூட ஓடுவேன்.

— நான் ஓட மாட்டேன். தெருவுல எங்க வந்திருக்கீங்க?

— வாய்க்கால் பாலம். தண்ணி ரொம்ப ஏறியிருக்கு, ஆனா ஆடாம அசையாம நிக்குது. நம்ம டிப்போ பஸ் ஒண்ணு பாலத்து மேல போகுது. என்கூட வேலை பாக்கறானே, அந்த மொட்டைதான் ஓட்டறான். கையைக் காட்டினேன், கவனிக்கல. வண்டி காலி. ஒரு ஆள்கூட இல்ல.

— பாவம், கலெக்‌ஷன் இல்லாம.

— ஆனா கேளு. தண்ணிக்குள்ள தலைகீழா அதே வண்டி போகுது இல்ல? அதுல ஆளுங்க இருக்காங்க. மேல ஒருத்தரும் இல்ல, கீழ வண்டி நிறைய.

— கீழ யாரெல்லாம்?

— எல்லாரும்தான். தையல்கடைக்காரர் இருக்காரு. பூனை நின்னுட்டு வருது, சீட்டு கிடைக்கல போல. ஜன்னலோரத்துல நீ.

— நானா? மடியில?

— மடியில ஒரு துணி மூட்டை. அதுக்கு ரெண்டு கால் இருக்கு. ஜன்னலை உதைச்சிட்டே வருது.

— அப்ப உங்களை மாதிரி. நீங்க எங்க உக்காந்திருக்கீங்க?

— நான் எங்க உக்கார்றது. நான்தான ஓட்டறேன்.

— மெதுவா ஓட்டுங்க. கொஞ்சம் நிறுத்துங்க.

— வண்டியையா, என்னையா?

— ரெண்டையும். பேச வேண்டாம். அந்தத் தண்ணியவே பாத்துட்டு நில்லுங்க.

— ...

— ...

— என்னம்மா, மூச்சு இவ்வளவு சத்தமா விடறே?

— போனை வாய்கிட்ட வச்சிருந்தேன். சரி, அப்புறம்? செடி எப்படி இருக்கு?

— இரு, எடுத்துப் பாக்கறேன். புதுசா ஒரு இலை. ‘இன்று மிக அருமையாக நடந்தீர்கள்’னு உன்னைப் பாராட்டுது. கால் வலிக்கறது எனக்கு, பேரு உனக்கு.

— ஸ்க்ரீனைக் குறைக்கத்தான ஆப்பு போட்டேன். குறைஞ்சே போச்சு பாருங்க. முன்னாடியெல்லாம் படுத்தா அடுத்தவங்க வீட்டு வீடியோவா பாத்துத் தள்ளுவேன். இப்ப போன் உங்க பையோட போயிடுது, நான் கண்ணை மூடிட்டு உங்க தெருவைப் பாக்கறேன். முட்டி இன்னும் வலிக்குதா?

— எந்த முட்டி?

— சைக்கிள்ல இடிச்சுக்கிட்டது. அந்த மூணாவது வீட்டுப் பொண்ணு சைக்கிளை நம்ம மாடி வராந்தாவுல குறுக்க நிறுத்தாதேன்னா கேக்கறதே இல்ல.

— அது... இது வேற சைக்கிள்ம்மா.

— மணி எனக்கு ரெண்டு காதுலயும் கேட்டுச்சு. ஒரு காதுல போன் வழியா. இன்னொரு காதுல கதவு வழியா.

— ...எப்பலேருந்து தெரியும்?

— முதல் நாள்லேருந்து. எதிர்வீட்டுல வெங்காயம் வதக்கற வாசனை எனக்கு இங்க வருது, நீங்க வாய்க்கால் கரையில நின்னு தும்மறீங்க. நீங்க தெருவுக்கே எறங்கறதில்ல. இந்த வராந்தாவுலதான் அந்த முனைக்கும் இந்த முனைக்கும் நடக்கறீங்க.

— கோவமா?

— கோவம் இருந்தா இத்தனை நாள் கேட்டிருப்பேனா? ஏன்னு மட்டும் சொல்லுங்க.

— கால் போக மாட்டேங்குதும்மா. முதல் நாள் படியில எறங்கினேன். பாதியில நின்னுட்டேன். போன தடவை அஞ்சாம் மாசம், நான் வெளியூர் வண்டியில இருந்தேன். விஷயம் தெரிஞ்சு நான் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு, நீ சுவத்தைப் பாத்துப் படுத்திருந்தே. அதான் இந்தத் தடவை லீவு போட்டேன். பத்து மாசமும் கதவுக்கு வெளியில நிக்கச் சொன்னாலும் நிப்பேன், தெருவுக்குப் போன்னு மட்டும் சொல்லாதே. எனக்குப் பயமா இருக்கு.

— எனக்கும்தான் பயம். யாரு இல்லைங்கறா.

— ஒருவேளை நிஜமாவே அங்க தையல்கடை இருக்கோ என்னமோ. ஆட்டோவுல ஓடினப்ப உன் மொகத்தைத் தவிர எதையும் பாக்கல, எனக்குத் தெரியாது. பொய்யின்னு தெரிஞ்சும் எதுக்குத் தினமும் கேட்டே?

— நிஜத் தெருவுல எனக்கு ஜன்னல் சீட்டு யார் கொடுப்பாங்க. கொஞ்சம் இருங்க.

— என்ன?

— இருங்க...

— இருக்கேன். சொல்லும்மா.

— ...ம். போயிடுச்சு. மஞ்சத் துணிக்குக் கீழ ஒண்ணு. பாலத்து மேல ஒண்ணு. இது மூணாவது. அந்த ரெண்டுக்கும் நடுவுல இருந்த இடைவெளிகூட இதுக்கு முன்னால இல்ல.

— எது?

— நீங்க கதவுக்கு அந்தப் பக்கம்தான் நிக்கறீங்கன்னு தெரிஞ்சதாலதான் பல்லைக் கடிச்சிட்டு, நிச்சயம் ஆகட்டும்னு படுத்திருந்தேன். செருப்பைக் கழட்டாம உள்ள வாங்க, இது சும்மா வலி இல்ல.