நாலு மணி கொரியர் வண்டி

பாலம்மாள்: நம்ம பேண்டேஜ் கம்பெனி வாசல்ல வெள்ள வண்டி எப்பிடி வந்து நின்னுச்சு, பாத்தியா அன்னாள்? ஓம்னி! கதவு சர்ருன்னு நகருது. இந்த நீல மெட்டடோர் வேனும் இருக்கே... தெரு முக்குல வரும்போதே நாயெல்லாம் எந்திரிச்சி ஓடுது.

அன்னாள்: ஓடாம என்ன செய்யும்? கதவக் கயித்துல கட்டி வச்சிருக்கு.

பாலம்மாள்: ஆரன் அடிச்சா வைப்பர் ஆடுதாமே?

அன்னாள்: வைப்பரே கெடையாதுக்கா. மழ வந்தா தலைய வெளிய நீட்டித்தான் ஓட்டணும்.

பாலம்மாள்: ஒனக்கு எப்பிடித் தெரியும்?

அன்னாள்: ...ஊரே சொல்லுது.

பாலம்மாள்: சரி சரி. மூணு மணிக்கு வந்துட்டுப் போன ஓம்னிக்காரன் காசிராஜனுக்கு ரெண்டே ரெண்டு பெட்டி. மிச்ச பேண்டேஜ் கட்டெல்லாம் நாலு மணி நீல வண்டிக்கா?

அன்னாள்: ஓம்னியில எடம் ஏது? அது வண்டியா? சோப்பு டப்பா.

பாலம்மாள்: அப்ப மெட்டடோர்?

அன்னாள்: அது... தகர டப்பா. பெரிய டப்பா.

பாலம்மாள்: ஏட்டி, நேத்து ஒங்க அண்ணன் எலியேசர் எங்க வீட்டுக்கு வந்தான்.

அன்னாள்: எதுக்கு?

பாலம்மாள்: ஞாயித்துக்கெழம ஒனக்கு நிச்சயமாமே. ஆலங்குளம் சிமெண்ட் ஆலை மாப்ள.

அன்னாள்: அவியளாப் பேசி, அவியளா முடிச்சிக்கிட்டாங்க.

பாலம்மாள்: "என் தங்கச்சி கொரியர் வண்டிக்காரன் எவனோடயோ பழகுதா. எந்த வண்டின்னு மட்டும் சொல்லுங்க, அவன் கால ஒடிச்சிருதேன்"னான்.

அன்னாள்: நீங்க... என்ன சொன்னிய?

பாலம்மாள்: ரெண்டுல எது ஒசத்தின்னு எனக்கென்ன தெரியும்? அதான் ஒன்கிட்டக் கேக்கேன்.

அன்னாள்: ரெண்டும் குப்ப வண்டிக்கா.

பாலம்மாள்: அப்பிடியா? சோழபுரத்துப் பார்சல் இந்த மாசம் மூணு தடவ திரும்பி வந்துச்சு. கதவு நம்பர் தப்பு. திருவில்லிபுத்தூர் மருந்துக்கடைக்குப் போனது ரெண்டு தடவ. தெருப் பேரு தப்பு. அட்ரஸ் எழுதுறது யாரு?

அன்னாள்: கை தவறிருச்சு...

பாலம்மாள்: நீல வண்டிக்கு மட்டுமாட்டி கை தவறும்? காசிராஜன் கொண்டுபோன ஒத்தப் பார்சல்கூடத் திரும்பினதில்ல. மெட்டடோர் ஓட்டுற யதிராஜன் மட்டும் பார்சலத் தூக்கிக்கிட்டு, "மேடம், சரியான அட்ரஸ் என்ன மேடம்"னு வந்து அரமணி நேரம் நிக்கான்.

அன்னாள்: அட்ரஸ் கேக்கத்தான வாராரு.

பாலம்மாள்: அவன் ஆண்டாள் கோயில் தெருவுல நாமம் போட்ட வீட்டுப் பய. நீ சர்ச்சுல பாடுற பிள்ள. இதுல வண்டிக்கு வைப்பர் வேற இல்ல!

அன்னாள்: சிரிக்காதிய. எஞ்ஜின் ஒண்ணும் மோசமில்ல. ஓம்னி மூச்சு வாங்குற ஏத்தத்துல அது நின்னு ஏறும்.

பாலம்மாள்: வந்துச்சு பாரு வாயில!

அன்னாள்: வந்தா வரட்டும். இன்னைக்கி அவரு வந்ததும் நானும் ஏறிருவேன். துணிமணி அந்தக் கடைசிப் பெட்டியிலதான் இருக்கு. அண்ணங்கிட்டச் சொல்லணும்னா ஓடிப்போய்ச் சொல்லிக்கிடுங்க.

பாலம்மாள்: ஓடுவானேன்? நீ பெட்டியில துணி வச்சதப் பாத்துட்டு நேத்தே சொல்லிட்டேன்.

அன்னாள்: யக்கா!

பாலம்மாள்: வண்டி நம்பர் கேட்டான். எழுதியே குடுத்தேன்.

அன்னாள்: அஞ்சு வருசமா ஒரே பெஞ்சில ஒக்காந்து சாப்பிட்டோமே... நீங்க நல்லா இருப்பியளா?

பாலம்மாள்: அழுது முடிச்சிட்டுக் கேளு. ஒன் ஆளு வார சத்தம் கேக்குது. திருவில்லிபுத்தூர் ரோட்டுப் பக்கம் போவாதிய. தெக்க, தென்காசிக்கு விடச் சொல்லு. ஒங்க அண்ணன் வடக்க நாலு பேரோட நிக்கான்... இந்நேரம் காசிராஜனக் கீழ எறக்கி விட்டுட்டு, ஓம்னிக்குள்ள ஒன்னயத் தேடிக்கிட்டிருப்பான்.