ஏழு தடவை சிக்கின வயர்

அண்ணி: ...மூஞ்சிய ஏன்டா இப்படித் தொங்கப் போட்டிருக்க? இந்த ஷாஃப்டும் துரு பிடிச்சிருச்சா?

கொழுந்தன்: முதல்ல உட்காருங்க அண்ணி.

அண்ணி: உட்கார எல்லாம் நேரமில்ல. சொல்லித் தொலை!

கொழுந்தன்: துரு பிடிக்குதான்னு பாக்க நாப்பது நாள் அத உப்புத்தண்ணிப் புகையில வெச்சிருந்தோம். இன்னிக்குக் காலையிலதான் டெஸ்ட் பெட்டியத் திறந்தேன்...

அண்ணி: திறந்து?

கொழுந்தன்: தண்ணி குடிக்கிறீங்களா?

அண்ணி: உன் தலையில ஊத்துவேன். இந்த பம்ப் ஷாஃப்டும் போச்சுன்னா, வயர உருக்கிப் பூசற அந்தப் புது மெஷின வந்த வழியே திருப்பி அனுப்பிடுவாங்க. நான் மறுபடியும் கேட்டுக்கும் கிரில்லுக்கும் வெல்டிங் வெக்கப் போகணும். தெரியும்ல?

கொழுந்தன்: தெரியும். அதான் கேக்கறேன். முன்னாடி செஞ்ச ரெண்டு ஷாஃப்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

அண்ணி: ஒண்ணுமில்ல. அதே வயர், அதே கரண்ட். வயர உருக்கி எட்டு அடுக்கு பூசினேன்.

கொழுந்தன்: நிறுத்தாம?

அண்ணி: ...நிறுத்தாமத்தான். மேனேஜர் உத்தரவாச்சே.

கொழுந்தன்: ரிஜிஸ்டர்ல 'வயர் சிக்கியது'ன்னு ஏழு தடவை எழுதியிருக்கீங்க.

அண்ணி: சிக்குச்சு. எழுதினேன்.

கொழுந்தன்: ஏழு தடவையும் ஒரு அடுக்கு முடிஞ்ச பிறகு, கரெக்டா இருபது நிமிஷம் சிக்கியிருக்கு? ரொம்ப ஒழுக்கமான வயர்!

அண்ணி: நக்கலா? இரு, உங்கண்ணன் வரட்டும்...

கொழுந்தன்: அவரே உங்களுக்குப் பயந்தவரு. சொல்லுங்க அண்ணி.

அண்ணி: சரிடா, நான்தான் நிறுத்தினேன்! சூடு ஆறாம மேல மேல பூசினதாலதான் முதல் ரெண்டும் கெட்டியாகாம துரு பிடிச்சுது. இத அடுக்கடுக்கா ஆற விட்டேன். கேட்டா விடமாட்டாங்கன்னு பொய் எழுதினேன். போதுமா? போய்ச் சொல்லு, வேலையே போகட்டும்!

கொழுந்தன்: ஐயோ, அழாதீங்க...

அண்ணி: யாருடா அழறது? எவ்வளவு துரு, அத மட்டும் சொல்லு.

கொழுந்தன்: ஒரு புள்ளி இல்ல.

அண்ணி: ...என்னது?

கொழுந்தன்: அரம் வெச்சும் தேச்சுப் பாத்தேன். அரம்தான் மழுங்கிருச்சு.

அண்ணி: அடப்பாவி! நிஜமாவா? என் தங்கமே! ...டேய், அப்புறம் எதுக்குடா இழவு வீட்டு மூஞ்சி?

கொழுந்தன்: முதல்லயே சொல்லியிருந்தா 'வயர் சிக்குச்சு'ன்னே சாதிச்சிருப்பீங்க. இதே மாதிரி இன்னும் பன்னெண்டு ஷாஃப்ட் வேணுமாம். எப்படிச் செஞ்சாங்கன்னு அவங்க வாயாலயே வரவழைடான்னு அனுப்பினதே மேனேஜர்தான்... சார், எல்லாம் கேட்டுச்சா? கதவுக்குப் பின்னாடியே நிக்காதீங்க, உள்ள வாங்க. அண்ணி அடிக்க மாட்டாங்க!