கடைசியில் குடித்தவர்

தலைமை தாங்கும் மேலாளர் அவர்களே, சங்கத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் செயலாளர் வீட்டு அண்ணியாரே, தம்பியே, வணக்கம். இது அவர் பிடித்துப் பேசிய மைக். மறைந்த நம் செயலாளர், இந்தப் பவுண்டரியின் ‘எஃகுத் தொண்டை’, வாய் திறந்தால் உலைச் சத்தமே அடங்கிப்போகும். உலையருகே காற்றாடி கேட்டு வாசலில் நின்றாரே, மறக்க முடியுமா? மேலாளர் அவர்களே, நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

நம் வழக்கத்தை அண்ணியாருக்காகச் சொல்கிறேன். தேநீர் இடைவேளை குறைவு. கொதிக்கக் கொதிக்கக் குடிக்க வேண்டும். கடைசியில் குடித்து முடிப்பவர் எல்லார் டம்ளரையும் கழுவ வேண்டும். நம் செயலாளர் கழுவியதுண்டா? ஒரே மடக்கில் இறக்கிவிட்டு, “என்னப்பா, இன்னும் ஊதிக்கிட்டே இருக்கீங்க?” என்று சீண்டுவார்.

ஒருநாள் அவர் கடைசியில் குடித்தார். டம்ளர் கழுவினார். நாம் கைதட்டிச் சிரித்தோம். பிறகு ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்துத் தின்றார். பிறகு ரொட்டியும் போய் வெறும் கஞ்சி. கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. கேட்டால், “தொண்டை கொஞ்சம் கட்டியிருக்கு, அவ்வளவுதான்” என்பார்.

கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்த்த மருத்துவரம்மா என்னிடம் சொன்னார்: “உணவுக்குழாய்ல புற்றுநோய். முன்னாடியே வந்திருந்தா அந்தப் பகுதிய எடுத்துட்டு, இரைப்பைய மேல இழுத்து இணைச்சிருப்போம். இப்ப கல்லீரலுக்குப் பரவிடுச்சு.” மருந்து ஏற்றினார்கள். கதிர்வீச்சு கொடுத்தார்கள். தண்ணீராவது இறங்கட்டும் என்று உள்ளே வலைக்குழாய் வைத்தார்கள். தேநீர்ச் சூடா, பீடிப் புகையா, எது காரணம் என்று கேட்டேன். “ரெண்டுக்கும் பங்கிருக்கலாம். இதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது” என்றார்.

தோழர்களே, இந்த வாரம் டம்ளர் கழுவியது யார்? போன வாரம்? ஏன் தலையைக் குனிந்துகொள்கிறீர்கள்? அவருடைய உடன்பிறந்த தம்பிதான் கழுவினான். நேற்று அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்து, ஒரு துண்டு ரொட்டியை மென்று மென்று, தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினான். என்னடா என்றேன். “தொண்டை கொஞ்சம் கட்டியிருக்குண்ணே, அவ்வளவுதான்” என்றான்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லத்தான் என்னை மேடையேற்றினீர்கள். சொல்கிறேன். தேநீர் ஆறும்வரை இடைவேளை வேண்டும் என்று நாளை மறுநாள் நான் வாசலில் நிற்பேன், மேலாளர் அவர்களே. நாளைக் காலை நிற்க முடியாது. நாளை தம்பியை மருத்துவரம்மாவிடம் கூட்டிப்போகிறேன். பயமாக இருக்கிறதா தம்பி? எனக்கும்தான். சும்மா தொண்டைக்கட்டாக இருந்தால் திரும்பி வந்து சிரிப்போம். அதுவாக இருந்தால், இந்த முறை முன்னாடியே போயிருப்போம்.

தோழர்களே, இப்போது தேநீர் வருகிறது. எல்லாரும் ஆறவிட்டுக் குடியுங்கள். இன்று டம்ளர்களை நான் கழுவுகிறேன்.