நடப்பதை நடந்தபடி வரைந்த அம்புக்குறி அம்மையாருக்கு

வழி தெரியாத் தாள்களுக்கு வழி கண்ட வித்தகியே, ஓயாத கால்களும் உறங்காத ஐயமும் உடைய எங்கள் அம்புக்குறி அம்மையே, தாங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில் வணக்கம்.

ஊசி வாங்குவது முதல் உடல் தேறியோரை வீட்டுக்கு அனுப்புவது வரை, இம்மருத்துவமனையின் ஒவ்வொரு வேலையும் யார் கையில் தொடங்கி யார் கையில் முடிகிறது என்று பத்தொன்பது ஆண்டுகள் கேட்டுக் கேட்டு, கட்டமும் அம்புக்குறியுமாக வரைந்தீர்கள். உள்ளதைச் சொன்னால், தங்கள் தலை தெரிந்தாலே நாங்கள் நழுவினோம். "அப்புறம் என்ன பண்ணுவீங்க?" என்ற தங்கள் கேள்விக்கு முடிவே கிடையாது.

அப்படித்தான் ஆய்வக எழுத்தரையும் கேட்டீர்கள். சோதனை முடிவுகளைத் தட்டில் வைக்க வேண்டும், நண்பகலில் உதவியாளர் எடுத்துச் செல்வார் என்பதே விதி.

"உயிருக்கு ஆபத்துன்னு சிவப்புக் குறி போட்டு வந்தா, நானே வார்டுக்குப் போன் பண்ணிடுவேன்மா."

"யாரு பண்ணச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. மனசு கேக்கல."

"நீங்க லீவு போட்டா?"

தாங்கள் அந்த அழைப்பையும் படத்தில் வரைந்தீர்கள். "விதியில இல்லாததை எதுக்குப் போடறீங்க? எடுத்துடுங்க" என்றார் கண்காணிப்பாளர். "எடுத்தா படம் பொய்யாயிடும் சார்" என்றீர்கள். மூன்று முறை படம் கையொப்பமின்றித் திரும்பி வந்தது. மூன்று முறையும் கோடு மாறாமல் மீண்டும் சென்றது.

எழுத்தர் காய்ச்சலில் படுத்த நாளன்று, யாரும் சொல்லாமலே ஆய்வகத்துக்குப் போய்த் தட்டைப் பார்த்தீர்கள். எட்டரை மணிக்கு வந்த சிவப்புக் குறித் தாள் பத்து மணிக்கும் அங்கேயே கிடந்தது. மின்தூக்கிக்குக் காத்திராமல் மூன்று மாடி ஏறிச் செவிலியர் கையில் கொடுத்தீர்கள். அத்தாளுக்கு உரியவரான, இதயம் நின்றுவிடும் நிலையில் இருந்த லாரி ஓட்டுநர், ஆறாம் நாள் தம் மகளின் தோளைப் பிடித்து நடந்தே வீடு போனார். அன்று மாலையே கண்காணிப்பாளர் கையொப்பமிட்டார். இதை மறைக்காமல் இம்மடலில் எழுதச் சொன்னவரும் அவரே.

சென்ற வாரம் தங்களுக்குத் தெரியாமல் தங்கள் வேலையையே வரைந்து பார்த்தோம். பதினொரு கட்டங்களில் தங்களைத் தவிர ஆளில்லை. ஏழுக்கு ஆள் கண்டோம். மீதி நான்கு எங்களை உட்காரவிடவில்லை. அவற்றைத் தங்களிடம் கேட்கமாட்டோம். திங்கட்கிழமை காலை நாங்களே மாடி மாடியாக ஏறிக் கேட்டு வருகிறோம்.

நோய் அண்டாமல், நிறைவு குன்றாமல், நெடுநாள் வாழ்க. எங்களைப் பற்றிய கவலையை இன்றோடு இறக்கி வையுங்கள், அம்மா. இனி அதை நாங்கள் சுமக்கிறோம்.

தங்கள் கேள்விகளுக்குப் பழகிப்போன
மருத்துவமனைப் பணியாளர்கள்