உதவியாளர் வரவில்லை

– சிரிக்காதடா நெட்டை, பல்லைத் தட்டிடுவேன். என் செய்முறைத் தேர்வுத் தாள்ல என்ன எழுதியிருக்குன்னு ஒழுங்கா படி.

– படிக்கிறேன்கா, படிக்கிறேன். "பார்வை குறைந்த மாணவி ஒருத்தி, பக்கத்தில் இன்னொரு மாணவி. இருவரும் கவனமாகப் படிக்கிறார்கள். உதவியாளர் வரவில்லை."

– இன்னொரு மாணவியாம்! அந்த உதவியாளரே நான்தானேடா.

– வேற யாரு, நீங்கதான். எம்.ஏ. சிறப்புக் கல்வி ரெண்டாம் வருஷம், வயசு இருபத்தொன்பது, உயரம் மூணே முக்கால் அடி.

– கதவுகிட்ட நின்னு எட்டிப் பாத்துட்டுப் போனா இப்படித்தான் எழுதுவாங்க. இதுல போச்சுன்னா பட்டமே போச்சேடா.

– எழுந்திரிங்கக்கா. தேர்வாளர் அம்மா கெளம்பியிருக்க மாட்டாங்க. நானும் கூட வந்து சொல்றேன்.

– ஆமா, நீ வந்தா அப்பாவைக் கூட்டிட்டு வந்திருக்கேன்னு நெனப்பாங்க. நானே போய்ச் சொல்லிட்டேன்.

– அடேங்கப்பா! என்ன சொன்னாங்க?

– பாவம், மொகம் சுண்டிப் போச்சு. கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டாங்க. உடனே வகுப்புக்கு வந்து, எல்லாப் பிள்ளைங்க முன்னாடியும், "இவங்க உதவி டீச்சர்"னு சத்தமா சொன்னாங்க. முழுசா பாடம் பாத்தாங்க. வேற தாள்ல பாஸ் போட்டுட்டாங்க.

– அட, பாஸா! அதை மொதல்ல சொல்ல வேண்டாமா? அப்புறம் ஏன்கா மூஞ்சியை உம்முன்னு வச்சிருக்கீங்க?

– என் பக்கத்துல உக்காந்து படிச்ச பாப்பாவாலதான்டா.

– நம்ம பாப்பாவா? கிளாஸ்ல யார்கிட்டயும் வாயே தொறக்காது, உங்ககிட்ட மட்டும் லொடலொடன்னு பேசுமே!

– ஏன் பேசுச்சுன்னு எனக்குத் தெரியும்டா. மொத நாள் பக்கத்துல போய் உக்காந்தேன். அதுக்குத்தான் கண்ணு சரியாத் தெரியாதே, என் குரல் அது உயரத்துலயே கேட்டிருக்கு. நகர்ந்து எடம் விட்டு, "நீயும் இங்க புதுசா?"ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன்.

– ஐயோ அக்கா! "பார்வை குறைஞ்ச பிள்ளைகிட்ட போனா, நான் யாருன்னு மொதல்ல சொல்லணும்." நமக்கு நடத்துன மொத பாடமே அதுதானே?

– தெரியும்டா. நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு ரெண்டு வாரம் ஓடிப் போச்சு. அது சாப்பாட்டு டப்பாவைத் தொறந்து, "எடுத்துக்கோ"ன்னு நீட்டும்போது எப்படிடா சொல்ல மனசு வரும்?

– இப்ப தெரிஞ்சு போச்சே, கோபப்பட்டுச்சா?

– கோபப்பட்டிருந்தாக்கூடப் பரவால்லடா. "அப்போ இத்தனை நாளா என் பக்கத்துல யாருமே உக்காரலையா டீச்சர்?"னு கேட்டுச்சு.